சுவரில்லாத பள்ளியில் வெப்பம் வாட்டாதது ஏன்?

பாலித் தீவில், ஆயுங் ஆற்றங்கரையில், மரங்களடர்ந்த சூழலில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கிரீன் ஸ்கூல் என்னும் வித்தியாசாலையில் வகுப்பறைகள் பலவற்றுக்குச் சுவரே கிடையாது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள அப்பிரதேசத்தின் உஷ்ணத்தை மாணவர்கள் எங்ஙனம் சகிக்கிறார்கள் என்ற வினா எவருக்கும் எழும்.

ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் மனிதரை வாட்டுவது உஷ்ணம் மாத்திரமன்று. வியர்வை உலராமையும் பெருங்காரணம். சுவரில்லாத இடத்தில் காற்று தங்குதடையின்றி உலாவி வியர்வையை ஆவியாக்குவதால் தேகம் குளிர்கிறது. சூடேறி இலேசான காற்றோ மேலெழுந்து கூரையின் உச்சித் திறப்பு வழியே வெளியேறுகிறது. சூழ்ந்துள்ள மரங்களும் நிழல் தருவதோடு, இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிக் குளிர்ச்சியை உண்டாக்குகின்றன.

இனி, கட்டடத்தைத் தாங்கும் மூங்கில். உள்ளே வெறுங்குழலாயிருப்பது பலவீனமென்று எண்ணுவது பிழை. வளையும்போது பெருவிசை தாக்குவது புறப்பகுதியையே, நார்கள் நெருங்கிச் செறிந்திருப்பதும் அங்கேதான். இயற்கையின் இந்தச் சிக்கனம் வியந்து போற்றத்தக்கது. ஆனால் மூங்கிலிலுள்ள மாவுச்சத்தை நாடி வண்டுகள் துளைத்துவிடுமாதலின், வெங்காரம் போன்ற போரான் உப்புக்களின் கரைசலில் அதை முன்னரே ஊறவைக்கிறார்கள். மண்ணின் ஈரம் ஏறாதிருக்கத் தூண்களின் அடியைக் கல்லின்மேல் நிறுத்துகிறார்கள்.

இவ்வாறு பக்குவப்படுத்திய மூங்கிலைக் கொண்டே 2021இல் அங்கு எழுப்பிய ஆர்க் என்னும் விளையாட்டுக்கூடத்தில், 14 மீட்டர் உயர வளைவுகள், நடுவே ஒரு தூணுமின்றி, 19 மீட்டர் அகலத்தைக் கடந்து நிற்கின்றன.