இரசாயனத் துருவிகளும் அவற்றின் தகுதியும்

உயிர்க்கலம் ஒன்றினுள் பல்லாயிரம் வகைப் புரதங்கள் தத்தம் தொழிலைச் செய்கின்றன. அவற்றுள் ஒன்றன் தொழில் யாதென அறிய விரும்பும் விஞ்ஞானிகள், அப்புரதத்தை மட்டும் பற்றி அதன் செயலை நிறுத்தவல்ல ஒரு சிறு மூலக்கூறைக் கலத்தினுட் செலுத்துவர். பின்னர்க் காணும் மாறுதல்களைக்கொண்டு அத்தொழிலை உய்த்துணர்வர். இவ்வாறு பயன்படும் மூலக்கூறே இரசாயனத் துருவி எனப்படும்.

துருவி வேறு புரதங்களையும் பற்றுமாயின், ஒன்றன் வினையை மற்றொன்றன்மீது ஏற்றிக் கூறும் வழு நேரும். 1994 ஆம் ஆண்டில் வெளியான எல்.வை. 294002 என்னும் பொருளை, பி.ஐ.3 கைனேசு என்னும் நொதியத்தைத் தடுக்கும் துருவியாகப் பலர் கையாண்டனர். அந்நொதியத்தின் செயலைப் பாதியாகக் குறைப்பதற்கே ஏறத்தாழ 1,400 நனோமோலர் செறிவு வேண்டியிருந்தது. சீ.கே.2 என்னும் நொதியத்தையும், பி.ஆர்.டி.4 குடும்பத்துப் புரதங்களையுங்கூட அது தாக்குமெனப் பின்னர்த் தெரியவந்தது. ஆகவே, அதனாற் கண்ட விளைவுகளுள் பி.ஐ.3 கைனேசுக்கு உரியன எவை எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று.

துருவியின் தகுதியை அளப்பது எங்ஙனம்? இன்று பலரும் ஏற்கும் அளவைகள் மூன்று. முதலாவது வலிமை: சோதனைக்குழாயில் 100 நனோமோலருக்குக் குறைந்த செறிவிலேயே அது இலக்கைத் தாக்க வேண்டும். இரண்டாவது தெரிவுத்திறன்: இனமான பிற புரதங்களைக் காட்டிலும் இலக்கின்மீது 30 மடங்குக்கு மேல் வலிமை காட்டல் வேண்டும். மூன்றாவது கலத்தினுட் செயல்: 1,000 நனோமோலர் அளவுக்குள் உயிருள்ள கலத்திலும் இலக்கைப் பற்ற வேண்டும்.

இவற்றோடு ஒப்புச் சோதனையும் இன்றியமையாதது. 2010 இல் வெளியான ஜே.கியூ.1 இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பி.ஆர்.டி.4 குடும்பத்தைப் பற்றும் அம்மூலக்கூறுக்கு ஆடிவிம்பம் போன்ற ஓர் இணை உண்டு. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே. ஆயினும் இணை இலக்கைப் பற்றுவதில்லை. ஜே.கியூ.1 விளைக்கும் மாற்றத்தை இவ்விணையும் விளைக்குமாயின், அம்மாற்றத்துக்குக் காரணம் வேறென ஐயுறல் வேண்டும். முற்றிலும் வேறான அமைப்புடைய இன்னொரு துருவியும் அதே விளைவைத் தருமாயின், முடிவு மேலும் உறுதிபெறும்.

நல்ல துருவியைப் பெறுதல் வேறு. அதனை நன்கு கையாளுதல் வேறு. எட்டுத் துருவிகள் பற்றி 662 கட்டுரைகளை நோக்கி 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று, உரிய செறிவு, செயலற்ற இணை, வேறமைப்புத் துருவி ஆகிய மூன்றையும் பேணியவை நூற்றுக்கு 4 வீதமே எனக் கண்டது. புதிய மருந்து தேடுவோர் இத்தகைய முடிவுகளை நம்பியே தம் பணியைத் தொடங்குகின்றனர். ஆதலின், விடையை ஏற்குமுன் அதனைத் தந்த கருவியைச் சோதித்தல் ஆய்வாளர்தம் முதற்கடனாகும்.