திண்ணையும் பஸ்ஸும்

1,000 பீடிக்கு 40 கட்டு, கட்டுக்கு 25 பீடி. முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், மேலப்பாளையம், பேட்டை என்று தாமிரபரணிக் கரையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களின் பகல் இந்தக் கணக்கிலேயே கழிந்தது. இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாப் பக்கமிருந்து வரும். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். நனைத்துத் துணியில் சுற்றி வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் நறுக்கி, மடியில் சொளவைப் போட்டு உட்கார்ந்தால் மாலையில் கடைக்குப் போகும்வரை கை நிற்காது.

மேஸ்திரி கிடையாது, சங்கு ஊதாது. ஆனாலும் அந்தக் கைகள் அவ்வளவு வேகமாக ஓடின. சுற்றினால்தானே கூலி என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்தாலும் அதே கூலிதான். இருந்தும் பத்து மணிக்கு மேல் பெண்கள் ஒரே திண்ணையில் கூடினார்கள்.

"ஏட்டி, எத்தனை கட்டு ஆச்சு?"

"இன்னும் ரெண்டு கட்டு கெடக்கு மைனி."

இந்தக் கேள்வியும் பதிலும்தான் திண்ணையின் மணிக்கூண்டு. பக்கத்தில் ஆள் இருந்தால் மனிதர் வேகமெடுப்பதை நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சைக்கிள் பந்தயக்காரர்களிடம் கவனித்து 1898-ல் எழுதினார். 1965-ல் ராபர்ட் சயான்ஸ் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார். நன்றாகப் பழகிய வேலை பிறர் முன்னிலையில் விரைவாக நடக்கும், பழகாத வேலையோ தடுமாறும். எங்கள் பக்கத் திண்ணைகள் இந்த இரண்டுக்கும் சாட்சி. பேச்சும் சிரிப்புமாக இருக்கும்போதே அத்தையின் விரல்கள் இலையைப் பார்க்காமல் சுற்றி நூல் கட்டிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பழகும் சின்னப் பெண்ணுக்கு எல்லாக் கண்ணும் தன் மேல் இருப்பதாகத் தோன்றி இலை கிழியும், நூல் அவிழும்.

கைவேகம் ஊருக்குள் ஒரு பெயராகவும் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், பீடி சுற்றுவாளா, பாஸ்புக் இருக்கிறதா என்று விசாரித்த காலம் நெடுநாள் நீடித்தது. 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது. பாஸ்புக்கில் பெயர் ஏறிய பெண்ணுக்கு வருங்கால வைப்பு நிதி, பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை, முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை எல்லாம் கிடைக்க வழியுண்டு. அரசாங்கம் தன்னைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டதற்கு அவள் கையில் இருந்த ஒரே எழுத்து அந்தப் புத்தகம்தான். ஆனால் ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சுற்றிய வீடுகளும் உண்டு. அம்மா பெயரில் கணக்கு, உழைப்பு மகள்களுடையது.

திண்ணையை இனிக்க இனிக்கப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கிக் கணக்கை முடிக்க வேண்டும். குனிந்தே இருந்து கழுத்தும் இடுப்பும் போயின, புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீடியின் தலை மடக்க உட்கார்ந்தார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பெண்ணிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், "வேலையெல்லாம் இல்ல, சும்மா இருக்க நேரத்துல பீடி சுத்துதேன்" என்பாள். கோதாவரிப் பக்கம் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்த மரியா மீஸ் 1982-ல் வெளிவந்த தன் நூலில் இதைத்தான் விளக்கினார்: உலகச் சந்தைக்கு உழைப்பவளை இல்லத்தரசி என்று அழைத்துவிட்டால், அவள் கூலி கைச்செலவுக் காசாகச் சுருங்கிவிடும். ஊர் அப்படி நினைத்தது மட்டுமில்லை, அவளும் நம்பினாள் என்பதுதான் என்னை வருத்துகிறது. நம்பியவளுக்குக் கூலி உயர்வு கேட்க வாய் வராது.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விழுந்தது. நலநிதிக்கு வசூலித்த தனி வரியும் நின்றது. அதற்குள் மகள்கள் ஐ.டி.ஐ.க்கும் கல்லூரிக்கும் போயிருந்தார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை 4.3 கிகாவாட் திறனோடு எழுந்தது. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்த அந்த ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாஸ்புக் இருந்த இடத்தில் கழுத்தில் அடையாள அட்டை, திண்ணை இருந்த இடத்தில் கம்பெனி பஸ். என்ன வேலை என்று கேட்டால் இந்தப் பெண் கம்பெனியின் பெயரைச் சொல்கிறாள். "சும்மா" என்ற சொல் அவள் வாயில் வருவதில்லை. சம்பளத்துக்கு இணையாக நான் மதிக்கும் மாற்றம் இது.

ஆனால் இயந்திர வரிசையில் "எத்தனை கட்டு" என்று கேட்க இடமில்லை. எண்ணிக்கை வரிசைக்கே உரியது, ஒருத்தியின் கைக்கு உரியதில்லை. பேச்சுக்கும் ஷிப்டில் அளவுண்டு. சிகாகோ பக்கம் ஹாத்தோர்ன் ஆலையில் 1927 முதல் 1932 வரை நடந்த பரிசோதனையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள்: தொலைபேசி ரிலே பூட்டும் சில பெண்களைத் தனி அறையில் வைத்து ஓய்வும் கவனிப்பும் கொடுத்தபோது உற்பத்தி ஏறியது. அவர்களில் இரண்டு பேரை, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்தில் மாற்றிவிட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வேலையையும் பேச்சையும் எதிரிகளாகப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு பழையது. பேசிக்கொண்டே இத்தனை கோடி பீடி சுற்றிய ஊரிலிருந்து வரும் பெண்களிடம் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்று ஆலை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு பரிசோதனை எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கம். வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலை. பெண்கள் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைத்தார்கள். தையல் முறையை மாற்றும்போது ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்ததோடு சரி. மற்றக் குழுக்களை உட்காரவைத்து, புதிய முறையையும் கூலியையும் வகுப்பதில் பங்கு கொடுத்தார்கள். கோச், ஃபிரெஞ்ச் இருவரும் 1948-ல் முடிவை வெளியிட்டார்கள்: முதல் குழுவில் உற்பத்தி விழுந்தது, 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். பங்கு பெற்ற குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின.

கங்கைகொண்டானில் இலக்கு நிர்ணயிக்கும்போது இது பயன்படும். ஆனால் நான் நினைப்பது அந்தப் பெண்ணின் அம்மாவை. மகள் சம்பளம் வங்கிக்கு வரும் வீட்டிலும் மடியில் சொளவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இன்னும் ஏராளம். அவர்கள் வயதுக்கும் படிப்புக்கும் ஆலைக் கதவு திறக்காது. பீடிக்கான வரியை 28-லிருந்து 18 சதவீதமாகவும், இலைக்கான வரியை 18-லிருந்து 5 ஆகவும் குறைப்பதென்று 2025 செப்டம்பரில் முடிவானது. அதில் எவ்வளவு சுற்றுகிறவளின் கூலிக்கு வரும் என்பதைக் கம்பெனிகளும் சங்கங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சில் முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் சுற்றுகிற பெண்கள் நாலு பேராவது நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஆயிரம் பீடிக்கு எத்தனை இலை வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர்களை விடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.