பாகுப் பதம் பார்க்கும் பிள்ளைகள்

மார்கழி பாதி கழிந்ததும் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வீடுகளில் பச்சரிசி ஊறத் தொடங்கிவிடும். தெலுங்கு பேசும் வீடுகளில் சங்கராந்திக்கு அரிசெலு. தமிழ் பேசும் வீடுகளில் தீபாவளிக்கே அதிரசம் சுட்டிருப்பார்கள். பொங்கலுக்கும் ஓர் ஈடு போடுவார்கள். இரண்டுக்கும் அடிப்படை அரிசிமாவும் வெல்லப்பாகும்தான். இந்த மண்ணில் இது பழைய பண்டம். விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழில் உள்ளவை. பெருமாளுக்குப் படைத்தவற்றின் வரிசையில் அப்பப்படியும் அதிரசப்படியும் அவற்றில் வருகின்றன.

பலகாரம் சுடும் நாளில் பிள்ளைகளை அடுப்படியிலிருந்து விரட்டுவதுதான் பல வீடுகளின் வழக்கம். அது பெரிய இழப்பு. அதிரசத்தின் உயிர் பாகில் இருக்கிறது. அந்தப் பாகின் பதத்தைச் சொல்லும் சோதனையைப் பத்து வயதுப் பிள்ளையே செய்துவிடலாம். வேண்டியது ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர்.

வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையின் அடர்த்தி ஏறுகிறது. அடர்த்தி ஏறினால் கொதிநிலையும் ஏறும். பெரியவர் ஒருவர் கரண்டியில் எடுத்துச் சில சொட்டுகளைக் கிண்ணத்தில் விட வேண்டும். முதலில் அவை கரைந்து ஓடும். சற்றுப் பொறுத்து விட்டால் அடியில் தங்கும், கையில் நிற்காது. இன்னும் கொஞ்சம் காய்ந்ததும் விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். அப்போது பாகின் சூடு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். அதில் ஏறத்தாழ 85 சதவீதம் சர்க்கரை. அடுப்பை அணைத்து மாவைக் கொட்ட வேண்டிய நேரம் அதுதான். முன்பே கொட்டினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், தாமதித்தால் கல்லாகிவிடும்.

வெப்பமானி வைத்துப் பார்க்கலாமே என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திருமலை சுமார் 850 மீட்டரில். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். ஆக, மலைமேல் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பாகின் கணக்கும் அதே அளவு இறங்கும். அடிவாரத்தில் குறித்துவைத்த எண்ணை நம்பி மலைமேல் பாகு காய்ச்சினால் முற்றிப்போகும். தண்ணீர்க் கிண்ணமோ அடர்த்தியையே நேராகக் காட்டுகிறது. எந்த ஊரிலும் பொய் சொல்லாது. பாட்டிமார் கைவழியாக வந்த இந்த முறை தரமான அளவீடு என்பதில் சந்தேகமில்லை.

வெல்லத்துக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை போட்டால் ஏன் அந்த மென்மை வருவதில்லை? வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. இவை சர்க்கரையைப் படிகமாக இறுகவிடாமல் தடுக்கும். அதிரசம் சீக்கிரம் சிவப்பதற்கும் இவையே முக்கியக் காரணம். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே வேகாமல் போவது அதனால்தான்.

அரிசிமாவில் கோதுமையைப் போல இழுத்துப் பிடிக்கும் புரதம் இல்லை. பாகுதான் பிடிப்பு. கலந்த மாவை ஓரிரு நாள் மூடிவைப்பது, பாகின் ஈரம் ஒவ்வொரு மாவுத் துகளுக்கும் சமமாகப் போய்ச் சேரத்தான். சர்க்கரை ஈரத்தைக் கட்டிவைத்துக்கொள்வதால் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை.

சுட்டெடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே, அல்லது அதற்கென்றே உள்ள பலகைகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிவார்கள். இதில் தாமதம் கூடாது. ஆறத் தொடங்கினால் உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து அழுத்தம் குறையும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பாகு கொதிநீரைவிடச் சூடானது, தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் பெரியவர் பொறுப்பு. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, மருத்துவரிடம் போக வேண்டும். மாவு சலிப்பது, கிண்ணத்தில் உருட்டிப் பார்ப்பது, இலையில் தட்டுவது, எள் தூவுவது ஆகியவை பிள்ளைகளின் வேலை. வருகிற சங்கராந்திக்கு அந்தக் கிண்ணத்தை அவர்களிடமே கொடுங்கள். பாகு பதம் வந்துவிட்டதா என்பதை அவர்களே சொல்லட்டும்.