மரக்காணம் வீட்டு கிச்சன்: 1.2 லட்சம் கொட்டேஷன், 31 ஆயிரத்துல முடிஞ்ச வேலை

கிச்சன் மாடுலர் வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஊர்ல அம்மாவுக்கு கிச்சன் மாத்தணும், பர்சனல் லோன் போடலாமா?" பதிலா எங்க வீட்டுக் கணக்கையே காட்டிடறேன்.

எங்க வீடு மரக்காணத்துல, உப்பளத்துக்குப் பக்கம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ வீட்டுக்குள்ள தண்ணி வந்து, கீழ்க் கதவுங்க எல்லாம் ஊறிப்போச்சு. எல்லாம் பார்ட்டிகிள் போர்டு. ஊறினா உப்பும், திரும்ப சுருங்காது. மேல் கதவுங்க நல்லாதான் இருந்துச்சு, ஆனா கீலெல்லாம் துரு. உப்புக் காத்துல வர்ற குளோரைடு, சாதாரண ஸ்டீலைச் சீக்கிரம் அரிச்சுடும்.

மாடுலர் கம்பெனி ஒண்ணு வந்து பார்த்துட்டு, எல்லாத்தையும் இடிச்சுட்டுப் புதுசா போட 1,20,000 ரூபாய்னு கொட்டேஷன் கொடுத்துச்சு. சம்பளம் வாங்கற எனக்கு உடனே தோணுனது லோன். 14% வட்டி, 36 மாசம்: இஎம்ஐ கிட்டத்தட்ட 4,100. மொத்தம் கட்டறது 1,47,600-க்கு மேல. வட்டி மட்டுமே 27,600 ரூபாய். இந்த நம்பரை மறந்துடாதீங்க.

ஆசாரி அண்ணன் வந்து விரலால தட்டிப் பார்த்துட்டு சொன்னது வேற: "தம்பி, உள்ள இருக்கறது கடப்பா கல்லு. அதுக்கு என்ன ஆச்சு?" உண்மைதான். நம்ம ஊர்ப் பழைய கிச்சன்ல தட்டு எல்லாம் கடப்பா, பக்கம் செங்கல் சுவர். கரையான் தின்னாது, தண்ணில ஊறாது. கெட்டது முகம் மட்டும்தான். அதனால முகத்தை மட்டும் மாத்தினோம். சுவரை ஒட்டின ரீப்பர் கட்டைகளை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்த்தோம்; உள்ள இறங்கலை, அதனால விட்டாச்சு.

கதவு மொத்தம் 10, பரப்பு 45 சதுர அடி. 18 எம்எம் பிளை ரெண்டு ஷீட் (64 சதுர அடி), சதுர அடி 120-ன்னு 7,680. மைக்கா 4 ஷீட், ரெண்டு பக்கமும் ஒட்டணும், இல்லேன்னா கதவு வளையும்: 6,400. கீல் 20, 4,000. கைப்பிடி 1,500. ஃபெவிகால், எட்ஜ் பேண்ட், ஸ்க்ரூ 2,000. கூலி 9,000. மொத்தம் 30,580. லோன் வட்டியைவிட வெறும் மூவாயிரம் அதிகம்! உங்க ஊர் ரேட் மாறும், அளவை வெச்சு நீங்களே போட்டுப் பாருங்க.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ரெண்டு. பிளைல ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 710-ன்னு இருக்கணும். அதுதான் மரைன் கிரேடு. கடைல "வாட்டர் ப்ரூஃப்"னு வாய்வார்த்தையா சொல்றது போதாது. அடுத்தது கீல். காந்தம் ஒட்டலைன்னா எஸ்எஸ்னு காட்டுவாங்க, ஆனா மலிவான 202-லயும் காந்தம் ஒட்டாது. பில்லுல 304-ன்னு எழுதி வாங்குங்க. கடலுக்கு ரொம்பக் கிட்ட இருந்தா 316 இன்னும் நல்லது, விலைதான் எட்டாது.

பிளையை வெட்டின ஓரம் எல்லாத்தையும் எட்ஜ் பேண்டால மூடச் சொல்லுங்க, அடிப்பக்கமும் சேர்த்து. தண்ணி அங்கதான் ஏறும். கீழ்க் கதவைத் தரையிலேருந்து நாலு இஞ்ச் தூக்கி வெச்சோம். அடுத்த மழைக்கு அது போதுமான்னு தெரியாது.

உள்ள இருக்கற பெட்டியே பார்ட்டிகிள் போர்டா இருந்து ஊறியிருந்தா இந்த வழி வேலைக்காகாது, புது முகம் போட்டாலும் கீல் பிடிக்காது. சிங்க் தப்பான இடத்துல இருக்குன்னா அதுக்கும் இது தீர்வு இல்ல.

எமர்ஜென்சி ஃபண்ட்லேருந்து எடுத்தேன், ஆறு மாசம் மாசம் 5,100-ன்னு திரும்ப நிரப்பினேன். அம்மாவுக்கு கலர்தான் பிடிக்கல. "வெள்ளை எதுக்குடா, மஞ்சத்தூள் கறை படியும்"னாங்க. படிஞ்சுதான் இருக்கு.