எலும்பை எலும்பாக்கும் சிறு புரதங்கள்

சமைத்த கோழியின் கால் எலும்பு ஒன்றை நன்றாகக் கழுவி, வினிகரில் மூழ்கும்படி ஒரு வாரம் ஊறவிடுங்கள். இடையில் ஓரிரு முறை வினிகரை மாற்றுங்கள். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தால், எலும்பின் வடிவம் மாறியிருக்காது. ஆனால், அது ரப்பரைப் போல வளையும். வினிகரில் உள்ள அமிலம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்துவிட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம்.

கட்டடத்திற்கு இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் எப்படியோ, எலும்புக்குக் கொலாஜனும் கனிமமும் அப்படி. பால் குடித்தால் எலும்பு வலுப்பெறும் என்று கூறும் விளம்பரங்கள் கான்கிரீட்டைப் பற்றி மட்டுமே பேசுகின்றன.

ஆனால், எலும்பில் இருக்கும் அதே வகைக் கொலாஜன் நம் தோலிலும் உண்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கின்றன. அப்படியிருக்க, நம் தோல் ஏன் எலும்பைப் போல இறுகிப்போவதில்லை?

இதற்கான விடையின் ஒரு பகுதி, கொலாஜன் அல்லாத புரதங்களிடம் இருக்கிறது. கனிமத்தையும் நீரையும் நீக்கிவிட்டால், எலும்பில் எஞ்சுவதில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலாஜன்தான். மீதமுள்ள சிறு பங்கில்தான் இப்புரதங்கள் இருக்கின்றன.

புதிய எலும்பு உருவாகும்போது, உயிரணுக்கள் முதலில் கொலாஜன் நார்களை இடுகின்றன. அப்போது அது மென்மையாகவே இருக்கும். சில நாள்கள் கழித்தே கனிமம் படியத் தொடங்கும். எலும்புச் சியாலோபுரதம் எதிர்மின்னேற்றம் மிகுந்தது. கால்சியமோ நேர்மின்னேற்றம் உடையது. எனவே, இப்புரதம் கால்சியத்தை ஈர்த்துப் பிடித்து, முதல் படிகங்கள் தோன்ற வழிசெய்கிறது. ஆஸ்டியோபொன்டின் என்னும் புரதத்தின் வேலை வேறு. அது படிகங்களின் மேல் ஒட்டிக்கொண்டு, அவை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிறது. சிறுநீரிலும் இப்புரதம் உண்டு. அங்கே கற்கள் உருவாகாமல் தடுக்க உதவுகிறது.

தடுக்கும் வேலை எவ்வளவு முக்கியமானது என்பதை 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மேட்ரிக்ஸ் கிளா புரதம் இல்லாத சுண்டெலிகளை அறிவியலாளர்கள் உருவாக்கினர. அவற்றின் தமனிச் சுவர்களில் கால்சியம் படிந்து இறுகியது. இரத்தக் குழாய்கள் வெடித்ததால், அவை இரண்டு மாதங்களுக்குள் இறந்தன. அவற்றுக்குக் கால்சியக் குறை எதுவும் இல்லை. கால்சியம் எங்கே படியக்கூடாது என்பதைக் கவனிக்கும் புரதம்தான் இல்லை.

இப்புரதமும் ஆஸ்டியோகால்சின் என்னும் மற்றொரு புரதமும் கால்சியத்தை நன்றாகப் பற்றிக்கொள்ள வைட்டமின் கே தேவை. கீரை வகைகளில் அது மிகுதியாக உள்ளது. இரத்தம் உறைவதற்கும் இதே வைட்டமின்தான் உதவுகிறது. அதனால்தான், வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ளும் முதியவர்களிடம், கீரை உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ஆஸ்டியோகால்சின் அறிவியலாளர்களையே வியக்க வைத்த புரதம். எலும்பில் அது ஏராளமாக இருப்பதால், அது இல்லாவிட்டால் எலும்பு சரியாக உருவாகாது என்று எதிர்பார்த்தனர். 1996ஆம் ஆண்டில், அப்புரதம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, எலும்பு குறையவில்லை, கூடியிருந்தது! பிறகு எதற்காகத்தான் அது இருக்கிறது? 2020ஆம் ஆண்டில் வேறொரு குழுவினர், அப்புரதம் இல்லாத வேறு சுண்டெலிகளின் எலும்பை நுணுக்கமாக ஆராய்ந்தனர். எலும்பின் அளவு வழக்கம்போலவே இருந்தது. கொலாஜன் நார்களும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால், கனிமப் படிகங்கள் அந்நார்களின் திசையில் வரிசையாக அமையவில்லை. அளவு குறையாத அந்த எலும்பின் வலிமை குறைந்திருந்தது.