எந்த மையை வாங்கலாம்?

தபால் தலை சேர்ப்பவர்களைக் கண்டிருக்கிறோம். பழங்காசு சேர்ப்பவர்களையும் கண்டிருக்கிறோம். ஆனால் பேனா மை சேர்ப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பந்துமுனைப் பேனாவும் கைப்பேசியும் சேர்ந்து ஊற்றுப் பேனாவை ஊரை விட்டே துரத்திவிட்டன என்று எண்ணியிருந்தோம். அது கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல் நூற்றுக்கணக்கான வர்ணங்களையும் உடன் அழைத்து வந்திருக்கிறது.

பாட்டனார் ஒரே நீலத்தில் ஆயுள் முழுவதும் எழுதித் தீர்த்தார். பேரனின் மேஜையில் பத்துப் புட்டிகள் நிற்கின்றன. அவன் பதினொன்றாவதை யோசித்துக்கொண்டிருக்கிறான். "இருக்கிற மையையே எழுதித் தீர்க்கவில்லையே, இன்னும் ஒன்றா?" என்று சமையலறையிலிருந்து வரும் கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கு நாம் கூறும் பதில் இதுதான்: வர்ணத்தைப் பார்த்து மை வாங்காதீர்கள், அதைக் கொண்டு எழுதப் போவதைப் பார்த்து வாங்குங்கள். அவ்வாறு வாங்கினால் புட்டிகளும் குறையும், எழுத்தும் பெருகும்.

நிலைக்கும் மை

நம் தஞ்சைச் சீமைக்கு மை புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து ஏறக்குறைய ஓலையின் நிறத்திலேயே இருக்கும். விளக்குக் கரியையும் இலைச் சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் அது கண்ணுக்குப் புலப்படும். குழந்தையின் கையில் முதற் சுவடியைக் கொடுக்கும் சடங்குக்கே 'மையாடல்' என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். 1855இல் பிறந்த, பாபநாசத்துக்கு அருகே உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியவை இப்படிப்பட்ட ஏடுகளே. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச் சுவடிகளோடு காகிதச் சுவடிகளும், மராட்டிய மன்னர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கரி வெயிலுக்கு வெளுக்காது, நீருக்கும் கரையாது. அரசு போனாலும் எழுத்து நின்றது.

காகிதத்துக்கு ஏற்ற இன்னொரு மையும் உண்டு. கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியின் இரும்பையும் நீரில் சேர்த்தால் அது உண்டாகும். எழுதும்போது வெளிறித் தோன்றும். காற்றுப் பட்டதும் கறுத்துக் காகிதத்தோடு ஒன்றிவிடும். எழுதுகிற கணத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாக எழுதிக் கறுப்பாக மாறும் அந்த மைக்கு 'நீலக்கறுப்பு' என்று பெயர் வந்தது. பத்திரங்களுக்கும் பதிவேடுகளுக்கும் இம்மாதிரி மையை நாடியதன் காரணம் இதுதான்.

இதன் அருமையை 2018ஆம் வருஷம் நவம்பர் 16 அன்று கஜாப் புயல் நமக்குக் காட்டிவிட்டுப் போயிற்று. வேதாரணியம் பக்கத்துச் சிநேகிதர் ஒருவரின் வீட்டில் ஓடுகள் பறந்து, தகரப் பெட்டிக்குள் மழை இறங்கிவிட்டது. நாம் போனபோது அந்த வீட்டார் திண்ணையில் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பாட்டனார் நீலக்கறுப்பில் எழுதிய நிலக் கணக்கு எழுத்துப் பிசகாமல் இருந்தது. அவரே பர்மாவிலிருந்து தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களோ துணியில் பட்டால் துவைத்து எடுக்கக்கூடிய சாதாரண நீல மையில் எழுதியவை. அவற்றில் வெறும் நீலத் திட்டுகளே மிஞ்சியிருந்தன. கணக்கு பிழைத்தது, அன்பு கரைந்தது. அந்த வீட்டுப் பாட்டியம்மாள் அந்தத் தாள்களையும் எறிய விடாமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

ஆகையால், சேகரிப்பில் முதல் இடம் நிலைக்கும் மைக்கே உரியது. இன்று 'நீலக்கறுப்பு' என்று பெயர் தாங்கி வரும் புட்டிகள் எல்லாவற்றிலும் இரும்புச் சத்து இருப்பதில்லை; சீட்டைப் படித்து வாங்குக.

பச்சையும் சிவப்பும்

இரண்டாவது புட்டிக்குக் கும்பகோணம் போவோம். சீனிவாச ராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்ததை எல்லோரும் அறிவர். அழிக்காமல் வைத்த முடிவுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ள அவற்றில் முதலாவது நோட்டுப் புத்தகம் பச்சை மையில் எழுதப்பட்டது. காகிதத்துக்கு முடை வந்தபோது, ஏற்கெனவே எழுதிய தாளின்மேலேயே சிவப்பு மையால் எழுதுவார் என்று அவரை அறிந்தோர் கூறியிருக்கின்றனர். ஆடம்பரத்துக்கு அல்ல, ஒரே தாளை இரண்டு தாளாக்கிக்கொள்ள வர்ணத்தைப் பயன்படுத்திய அந்த ஏழைப் பிள்ளையை மை சேர்ப்பவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

பச்சை என்றதும் நமக்குக் கெஜட் பதிவு பெற்ற அதிகாரியின் கையெழுத்துத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வீட்டில் அந்தப் பயம் வேண்டியதில்லை. ராமானுஜனைப் போலச் சொந்தச் சிந்தனைகளைக் குறித்துக்கொள்ளப் பச்சையை வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு எங்கள் உபாத்தியாயர் ஜாதியின் சொத்து. பிள்ளையின் நோட்டில் சிவப்பைக் குறைவாகத் தெளிப்பதே நல்ல ஆசிரியருக்கு அடையாளம். கடிதத்துக்கு அது ஆகாது. நம் வீடுகளில் சுபச் செய்திக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவதும், துக்கச் செய்தியைக் கறுப்பில் எழுதுவதும் சம்பிரதாயம். எழுத்துக்கு முன்பே வர்ணம் செய்தி சொல்லிவிடும் என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தார்கள்.

நம் வயலின் வர்ணம்

மூன்றாவது புட்டி ஆசைக்கு. ஜப்பானில் பைலட் கம்பெனியார் 2007இல் 'இரோஷிசுகு' என்ற மை வரிசையை வெளியிடத் தொடங்கினார்கள். நிலா இரவு, ஆழ்கடல், மூங்கில் கரி, மலைத் திராட்சை என்று தங்கள் நாட்டுக் காட்சிகளையே வர்ணங்களுக்குப் பெயராக இட்டார்கள். உலகம் அவற்றை விரும்பி வாங்கிற்று.

நமக்குக் காட்சிக்குப் பஞ்சமா? நாற்றங்காலின் இளம்பச்சை வேறு. நட்டு வேர் பிடித்த பயிரின் கரும்பச்சை வேறு. ஆடிப் பெருக்கில் கரையைத் தொட்டுக்கொண்டு வரும் புதுப்புனலின் செம்பழுப்பு வேறு. தை மாதத்தில் தலை சாய்ந்த கதிரின் பொன் வேறு. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலைக்கு ஒரு வர்ணம். அதை மென்றபின் உதட்டில் வருவது இன்னொரு வர்ணம். இவற்றுள் பொன் கண்ணுக்கு அழகே தவிர, வெள்ளைக் காகிதத்தில் படிக்க உதவாது. செம்பழுப்பும் கரும்பச்சையும் எழுதவும் படிக்கவும் ஏற்றவை. கடையில் ஆயிரம் வர்ணங்களுக்கு நடுவே திகைத்து நிற்பவர், தம் ஊர் வயல் வரப்பை ஒரு முறை மனத்தில் எண்ணிக்கொண்டால் திகைப்பு நீங்கும்.

நம் நாட்டுப் புட்டிகள்

மைக்காக வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நம்மவர் சும்மா இருக்கவில்லை. 1931இல் பம்பாயில் டாண்டேக்கர் சகோதரர்கள் குதிரைச் சின்னமிட்ட மைப் பொடியும் மை வில்லையும் செய்யத் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் காம்லின் ஆயிற்று. 1934இல் வங்காளத்து ராஜஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் 'சுலேகா' மையைத் தொடங்கினர். சுதேசி மையில் எழுத வேண்டும் என்ற காந்தியடிகளின் விருப்பமே அதற்குத் தூண்டுதல். ராஜமகேந்திரபுரத்து ரத்னம் செய்த சுதேசிப் பேனாவைப் பெற்ற காந்தியடிகள் 1935இல் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1980களின் இறுதியில் மூடிக் கிடந்த சுலேகா பின்னர் உயிர் பெற்று, 2020இல் மீண்டும் ஊற்றுப் பேனா மையைக் கடைக்கு அனுப்பிற்று. விலையும் நம் கைக்கு எட்டியதே. புதிய வர்ணம் தேடுவோர் முதலில் இந்தப் புட்டிகளைப் பார்க்கட்டும்.

வாங்கும் முன்

முழுப் புட்டி வாங்குமுன் சிறிதளவு மாதிரி கிடைத்தால் வாங்கிச் சோதியுங்கள். ஓர் அட்டையில் ஒரே வரியை இரு முறை எழுதி, ஒன்றைப் புத்தகத்தால் மூடி, மற்றொன்றை ஒரு மாதம் ஜன்னல் வெயிலில் வையுங்கள். இன்னொரு துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மையின் குணம் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் வேடிக்கையான சோதனை உண்டு. சாக்குக் கட்டியின் அடியில் ஒரு மைப் பொட்டு வைத்து, பொட்டு நனையாத அளவு தண்ணீரில் நிறுத்துங்கள். நீர் ஏற ஏற, கறுப்பு என்று நினைத்த சாய மை நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரிந்து மேலே போவதைக் காணலாம்.

இரு வேறு மைகளைக் கலக்காதீர்கள். சில சேர்ந்தால் வண்டல் படியும். ஓவியர்களின் அரக்குக் கலந்த மையை ஊற்றுப் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும். இரும்பு மைக்குப் புளிப்புக் குணம் உண்டு. அதைப் பேனாவில் வாரக்கணக்கில் உலரவிடாமல் தண்ணீரால் அலசி வைக்க வேண்டும்.

ஒரு கைப்பிடி விதை நெல்லைக் குதிரில் வைத்து அழகு பார்ப்பதால் விளைச்சல் வராது. வயலில் தெளிக்க வேண்டும். மையும் அப்படியே. அடுத்த புட்டியை வாங்கிய அன்றே, தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது அவர்கள் பேரப்பிள்ளைகளும் படிக்கக்கூடிய மையாக இருக்கட்டும்.