சித்திரப் பாடவேளையில் நடப்பது என்ன?

பிள்ளை பாடசாலையிலிருந்து வீடு திரும்பியதும் நம் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி, ‘இன்றைக்குக் கணக்கிலே எத்தனை சரி?’ என்பதாகும். ‘சித்திரப் பாடத்திலே என்ன செய்தாய்?’ என்று வினவும் வீடுகள் மிகச் சிலவே. வினவினாலும் ‘படம் கீறினேன்’ என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். சித்திரம், சங்கீதம், தேகாப்பியாசம் ஆகியவை பிள்ளைகள் இளைப்பாறுதற்கென ஏற்பட்ட பாடங்கள் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்பாடவேளைகளில் வகுப்பறையின் ஓரத்தில் நின்று சிறிது நேரம் உற்று நோக்குவோருக்கு அவ்வெண்ணம் நிலைக்காது.

சங்கீதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். தொடக்க மாணவர் பயிலும் ஸரளி வரிசைகள் மாயாமாளவகௌளை இராகத்தில், ஆதி தாளத்தில் அமைந்தவை. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 அட்சரங்கள் உள்ளன. முதலில் ஒரு தட்டு, அதன்பின் மூன்று விரலெண்ணிக்கை, பின்னர் தட்டும் வீச்சுமாக இருமுறை எனப் பிள்ளையின் கை இயங்குகிறது. முதலாங் காலத்தில் அட்சரத்துக்கு ஒன்றாக 8 ஸ்வரங்களைப் பாடும் பிள்ளை, இரண்டாங் காலத்தில் அதே 8 அட்சரங்களுக்குள் 16 ஸ்வரங்களையும், மூன்றாங் காலத்தில் 32 ஸ்வரங்களையும் அடக்க வேண்டும். கையின் வேகம் மாறலாகாது. குரலின் வேகமே இரட்டிக்க வேண்டும். ஒன்று, அரை, கால் என்னும் அளவுகளைக் கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதுமுன்னரே அப்பிள்ளை அவற்றைத் தன் உள்ளங்கையில் உணர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கணக்குப் பிழைத்தால் அதனைச் சுட்டிக்காட்ட ஆசிரியரின் சிவப்பு மை வேண்டும். சுருதி பிழைத்தாலோ, சில மாதப் பயிற்சியின் பின்னர் பிள்ளையின் காதே அதனை அறிவித்துவிடும். பக்கத்திலிருப்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும் உயர்த்தவும் பழகுவதும் இங்கேதான். ‘சத்தம் போடாதே’ என்று நாள்தோறும் அதட்டி நாம் புகட்ட முனைவதைச் சங்கீத ஆசிரியர் அதட்டலின்றிச் சாதித்துவிடுகிறார்.

இனிச் சித்திரம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் படத்தில் கடதாசியின் அடியில் ஒரு கோடு இருக்கும், அது நிலம். மேல் விளிம்பில் நீலப் பட்டை ஒன்று இருக்கும், அது வானம். இடையில் உள்ளது வெறுமை. வீட்டின் சுவரை ஊடுருவி உள்ளே அம்மா சமைப்பதும் தெரியும். ‘சுவருக்குப் பின்னால் இருப்பது எப்படியடா தெரியும்?’ என்று நகைக்கும் தந்தையர் பலர். இவ்வாறு வரைவது அவ்வயதுக்குரிய இயல்பான வளர்ச்சிப் படியென்பதை விக்ரர் லோவன்ஃபெல்ட் 1947 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். பிள்ளை கண்ணுக்குத் தோன்றுவதை அன்று, தான் அறிந்திருப்பதையே வரைகிறது. வீட்டினுள்ளே அம்மா இருக்கிறாள் என்பது அதற்குத் தெரியும்; ஆகவே வரைகிறது. அறிந்ததற்கும் காண்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அது படிப்படியாகக் கண்டுகொள்வதே சித்திரக் கல்வியின் பெரும்பகுதி எனலாம்.

ஆனால், நம் பாடசாலைகளில் இன்றும் அடிக்கடி காணப்படுவது வேறொரு படம்: இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் சூரியன், கீழே ஓர் ஆறு, ஆற்றிலே தோணி. மலையென்று சொல்ல ஒரு மேடுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளையும் இதனையே கீறுகிறது! ஆசிரியர் கரும்பலகையில் கீறியதை நாற்பது பேரும் பார்த்துக் கீறியதன் விளைவு இது. சாளரத்துக்கு வெளியே நிற்கும் பனையை எவரும் நோக்குவதில்லை. அதன் உடம்பில் வளையம் வளையமாக உள்ள வடுக்களையோ, விசிறிபோல் விரிந்த ஓலையின் பச்சை மாவிலையின் பச்சையன்று என்பதையோ ஒரு நாளாவது பார்த்து வரையச் சொன்னால், மஞ்சளும் நீலமும் எவ்வளவு எவ்வளவு சேர வேண்டுமென்று பிள்ளை தானே பரீட்சித்து அறியும். சூழலியற் பாடத்துக்கு இதனினும் சிறந்த ஆயத்தம் வேறில்லை.

இது புதுமையான கருத்துமன்று. வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் 1897 ஆம் ஆண்டளவிலேயே சிறுவருக்கான சித்திர வகுப்பை ஆரம்பித்து, பெரியோர் படத்தைப் பார்த்து எழுதுவிக்கும் முறையைக் கைவிட்டார். இலங்கையில் கல்விப் பகுதியின் சித்திர அதிகாரியாக 1920 இல் வந்த வின்சர் புதிய முறைகளைப் பாடசாலைகளுக்குக் கொணர முயன்றார். அவர் பெயராலேயே யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சர் சித்திரக் கழகத்தை அமைத்தார். இத்தகைய மரபு நமக்கிருந்தும் அந்த இரண்டு மலைகள் நம்மை விட்டபாடில்லை.

தேகாப்பியாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளித்தட்டு ஒன்றே போதும். மணலில் சில கோடுகள் தவிர அதற்கு வேறு உபகரணம் வேண்டா. மறிப்பவர் தம் கோட்டை விட்டு விலகலாகாது. ஓடுபவர் அவரை ஏமாற்றிக் கடக்க வேண்டும். எப்போது காத்திருப்பது, எப்போது பாய்வது, எவனை முன்னே விடுவது என்பவற்றை ஒன்பது வயதுச் சிறுவர் கண நேரத்தில் தீர்மானிப்பதைக் காண வேண்டும்.

இவ்வளவும் எங்கே தடைப்படுகின்றன? 1999 இல் நாடு முழுவதும் முதலாந் தரத்தில் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என நான்கு பிரதான பாடங்கள் வகுக்கப்பட்டன. அழகியலும் உடற்பயிற்சியும் தனித்து நில்லாது ஏனையவற்றோடு, சிறப்பாகச் சுற்றாடற் பாடத்தோடு, இணைக்கப்பட்டன. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கு முதலிடம். மேலே செல்லச் செல்ல எழுத்துவேலைக்கு இடம் கூடும். எண்ணம் நல்லதே. ஆயினும் தனியிடம் இல்லாத பொருளை அகற்றுவது எளிது. நான்காந் தரம் வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுகிறது. ஐந்தாந் தரத்திலோ சித்திரத்துக்கும் பாட்டுக்குமுரிய வேளைகளில் கடந்தகால வினாத்தாள்களே விரிக்கப்படுகின்றன.

அப்பரீட்சையை நான் பழிக்க வரவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து, கிராமத்து ஏழைப் பிள்ளைகள் பலர் நல்ல கல்லூரிகளின் வாயிலைப் புலமைப்பரிசிலாலேயே மிதித்தனர். வியப்பு யாதெனில், அப்பரீட்சையின் நுண்ணறிவு வினாத்தாளில் ‘அடுத்து வரும் உரு யாது?’ எனக் கேட்கப்படும் கேள்விக்கு வேண்டிய பழக்கம் கோலம் போடும் கையிலும் தாளம் போடும் கையிலும் முன்னரே உண்டென்பதே.

நட்டம் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையை மாலையில் சங்கீத ஆசிரியரிடம் அனுப்பி, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் தோற்றுவிக்கின்றனர். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குச் சுருதி கேட்கும் இடம் பாடசாலை ஒன்றுதான். அந்த நாற்பது நிமிடமும் பறிபோனால் அப்பிள்ளைக்கு அது முற்றாகவே இல்லையாகிறது. பின்னர் ஆறாந் தரத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி கேட்கும்போது, எதனையும் சுவைத்தறியாத பிள்ளைகள் தோழன் எங்கே போகிறானோ அங்கே போவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நல்ல குரலுடைய பிள்ளை சித்திர வகுப்பில் அதே இரண்டு மலைகளைக் கீறிக்கொண்டிருக்கும்.

எல்லாப் பாடசாலைகளிலும் சங்கீதத்துக்கோ சித்திரத்துக்கோ தனி ஆசிரியர் இலர். சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைப் பார்க்கும் நிலையும் உண்டு. அவர்மேல் குறை சொல்வது நியாயமன்று. பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்டு அவரை நெருக்குபவர்கள் பெற்றோராகிய நாமே அன்றோ? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பின் நேரசூசியைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். சித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் அதிலே கட்டங்கள் இருக்கும். சென்ற கிழமை அக்கட்டங்களில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளையே சொல்லும்.